தேயிலை மலையை எந்த எஞ்சினில் எழுப்புவது?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறோம். உயர்தரம் எழுதி முடித்த நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு முப்பரிமாண கேம் செய்யப் பார்க்கிறோம். பகல் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து மலைக்கு ஏறும் ஒரு சிறுமி, கொழுந்தெடுக்கும் தன் அம்மாயியைத் தேடிப் போவதுதான் கதை. மூடுபனி, கொழுந்து மடுவம், பதுளை ரயில், ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் வரவேண்டும். எங்களிடம் இருப்பது 8ஆம் தலைமுறை ஐ5 லெப்டொப் ஒன்று. 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. கேம் ஓடவேண்டியது அண்ட்ரொய்ட் போனில். கேம் கட்டும் மென்பொருளாக, அதாவது எஞ்சினாக, எங்களில் ஒருவர் அன்ரியல் என்கிறார், ஒருவர் யூனிட்டி என்கிறார். கொடோ சின்னப்பிள்ளைகளுக்கானது என்றும் சொல்கிறார்கள். கிராபிக்ஸில் எது சிறந்தது?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடோவை எடுங்கள். புதிய புராஜெக்ட் திறக்கும்போது அது கேட்கும் மூன்று ரெண்டரர்களில் (காட்சியைத் திரையில் வரையும் பகுதிகள்) 'கம்பேட்டிபிலிட்டி'யைத் தெரிவு செய்யுங்கள். அன்ரியல்காரர் கோபிக்க வேண்டாம். அவர் பார்த்த வீடியோக்கள் பொய்யில்லை. அந்த அழகை உண்டாக்கும் பகுதிகள் போனுக்கு வந்து சேருவதில்லை, அவ்வளவுதான். மலிவான போன் ஒன்றில் தேயிலை மலையைக் காட்டச் சொன்னால் மூன்று எஞ்சினும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் வரையும். எந்த எஞ்சின் உங்கள் லெப்டொப்பை மூச்சு முட்ட வைக்காமல் அந்தப் படத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அன்ரியலின் பலத்தை உங்கள் பாலத்தை வைத்தே பார்க்கலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள அந்தப் பாலம் 1921இல் கட்டியது, 91 மீற்றர் நீளம். அதை நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து முப்பரிமாண ஸ்கேன் ஆக்கினால் 50 இலட்சம் முக்கோணம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அன்ரியல் 5இன் நேனைட் அதை அப்படியே விழுங்கும். மெஷ்ஷை, அதாவது அந்த முக்கோண வலையை, சிறு சிறு கொத்துகளாக உடைத்து, திரையில் எத்தனை பிக்சலுக்குத் தெரிகிறதோ அந்த அளவுக்கு மட்டும் வரையும். லூமென் என்பது இன்னொன்று: லயத்துக் காம்பராவின் கதவைத் திறந்தால் வெயில் தரையில் பட்டு, எதிர்ச் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் தெறிப்பதை அந்தக் கணமே கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் பெரிய வேலைதான். ஆனால் லூமெனுக்குக் கீழ்மட்டமாகச் சொல்லப்படுவதே ஜிடிஎக்ஸ் 1070 வகைக் கார்ட். எடிட்டருக்கு, அன்ரியலைச் செய்யும் எபிக் நிறுவனம் பரிந்துரைப்பது 32 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும். உங்களிடம் இருப்பது மொத்தமே 8. அதிலும் ஒரு பங்கை உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. எடிட்டர் திறக்காது என்றில்லை. திறக்கும். பிறகு ஆயிரக்கணக்கான ஷேடர்களை (பரப்பின் நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) தொகுக்கத் தொடங்கும்; நீங்கள் ஒரு மெட்டீரியலில் நிறத்தை மாற்றினால் மறுபடியும் தொகுக்கும். இரவு டேட்டாவில் பல பத்து ஜிபி இறக்கி, கடைசியில் விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அன்ரியலுக்கும் போன் ரெண்டரர் உண்டு. அதில் பாலத்தை 50 இலட்சத்திலிருந்து 4,000 முக்கோணத்துக்குக் குறைத்து, கல்லின் மேடுபள்ளத்தை நோர்மல் மேப் என்ற படமாகச் சுட்டு (முன்கூட்டிக் கணக்கிட்டுப் பதித்து) எடுக்கத்தான் வேண்டும். அதே வேலையை யூனிட்டியிலும் செய்வீர்கள், கொடோவிலும் செய்வீர்கள்.

பாலத்தைப் பற்றி இன்னும் ஒன்று, எந்த எஞ்சினானாலும் உதவும். முழுப் பாலத்தையும் ஒரே 2048 பிக்சல் டெக்ஸ்சரில் (பரப்பின் மேல் ஒட்டும் படத்தில்) விரித்தால் 91 மீற்றருக்கு மீற்றருக்கு 22 பிக்சல்தான் கிடைக்கும். கல் சுவர் சாணி மெழுகியது போலிருக்கும். ஒரே ஒரு வளைவைச் செய்து, திரும்பத் திரும்ப ஒட்டும் கல் டெக்ஸ்சரைப் போட்டு, அதையே ஒன்பது தடவை வையுங்கள். பாலம் நேராக இல்லை, வளைந்து போகிறது. ஆகவே ஒவ்வொரு பிரதியையும் சில பாகை திருப்பி வைக்கவேண்டும்; திருப்பினால் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் இடைவெளி விழும். தூணைத் தனி மெஷ்ஷாக, வளைவை விட அரை அடி அகலமாகச் செய்து அந்த இடைவெளி மேல் நிறுத்தினால் மறைந்துவிடும்.

அன்ரியல் பொருந்தும் இடத்தையும் சொல்லவேண்டும். நாளைக்கு நீங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய், 12 ஜிபி கார்ட் உள்ள கணினியில் பிசி கேம் செய்வதானால் அதைத்தான் சொல்வேன். அப்போதும் கண் வைத்துப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு: அன்ரியல் குறைந்த தெளிவில் வரைந்து, முந்தைய ஃப்ரேம்களைச் சேர்த்துப் படத்தைக் கூர்மையாக்குகிறது. நின்றிருக்கும் மலைக்கு அது அழகு. ஓடும் ரயிலுக்குப் பின்னாலும், காற்றில் ஆடும் இலையிலும் மங்கலான தடம் விழும். காசு விஷயத்தில் பயமில்லை. ஒரு கேம் 10 இலட்சம் டொலர் வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதம் கேட்பார்கள்.

யூனிட்டி, அன்ரியலுக்கும் கொடோவுக்கும் நடுவில். போன் கேமுக்கு நெடுநாள் பழகிய கை அது. எந்தப் போனில் எது தடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரும் ஃப்ரேம் டிபக்கரும் மூன்றிலும் சிறந்தவை என்பது என் கருத்து. வேலை தேடும்போதும் யூனிட்டியும் அதன் நிரல்மொழி சி ஷார்ப்பும் தெரிந்தவருக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். உங்கள் நண்பர் யூனிட்டியைச் சொன்னது அதற்காகவென்றால், தனியாகப் படித்துக்கொள்ளட்டும். இந்தக் கேமை அதற்குப் பலிகொடுக்க வேண்டாம்.

அதன் பலவீனம் வேறு வகை. யூனிட்டிக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ரெண்டர் வழிகள் இருக்கின்றன: பழைய பில்ட்-இன், போனுக்கும் பொருந்தும் யுஆர்பி, பெரிய கணினிக்கான எச்டிஆர்பி. எச்டிஆர்பி போனில் ஓடாது. ஒன்றுக்குச் செய்த மெட்டீரியலை இன்னொன்றில் போட்டால் எல்லாம் பளீரென்ற இளஞ்சிவப்பாகிவிடும். ஸ்டோரில் வாங்கிய மரம் ரோஜா நிறத்தில் நிற்பது எஞ்சினின் பிழை அல்ல. ஷேடர் வேறு வழிக்கு எழுதியது. ரெண்டர் பைப்லைன் கன்வேர்ட்டரை ஓடவிட்டால் சாதாரண மெட்டீரியல் சரியாகும். கையால் எழுதிய ஷேடர் சரியாகாது. இன்னொரு பொறி, ஒளியைச் சுடும்போது. லைட்மேப்பின் (சுட்ட ஒளியைப் பதித்த படம்) தெளிவு இயல்பாக ஒரு மீற்றருக்கு 40 புள்ளி. பிளெண்டரில் செய்த 200 மீற்றர் மலையைத் துண்டு துண்டான மெஷ்ஷாகக் கொண்டுவந்து அப்படியே சுட்டால் 8,000க்கு 8,000 புள்ளி, அதாவது 1024 அளவில் 60க்கு மேற்பட்ட லைட்மேப். உங்கள் ஐ5 இரவு முழுக்கச் சுடும். விடிகாலையில் கரண்ட் போகும். மலைக்கு மட்டும் மீற்றருக்கு 2 போதும். 400க்கு 400இல் முடிந்துவிடும். 40ஐ லயத்தின் உட்புறத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

2023 செப்டம்பரில் இன்ஸ்டோல் கணக்கில் காசு கேட்கப்போவதாக அறிவித்து, 2024 செப்டம்பரில் யூனிட்டி அதைக் கைவிட்டது. இப்போது ஆண்டு வருமானம் 2 இலட்சம் டொலருக்குள் இருக்கும்வரை இலவசம். கொடோவில் இந்தப் பேச்சே இல்லை. எம்ஐடி உரிமத்தில் வரும் திறந்த மூலம், யாராலும் விதியை மாற்றிக் காசு கேட்க முடியாது.

இனி, வெளிநாட்டு ஒப்பீடுகள் எதிலும் வராத, நமக்கு மட்டும் முக்கியமான ஒரு விஷயம்: தமிழ் எழுத்து. திரையில் தெரியும் எழுத்தும் கிராபிக்ஸ்தான். ஒரு பலகையில் 'கொழுந்து மடுவம்' என்று எழுதுவதாக வையுங்கள். யுனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது கொம்பு முன்னால் போய், க நடுவில் நின்று, அரவு பின்னால் வரவேண்டும். இதைச் செய்ய எழுத்தைக் கோக்கும் ஒரு மென்பொருள் நடுவில் இருக்கவேண்டும். கொடோ 4 இலும் அன்ரியலிலும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதைச் செய்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துருவைக் கேமுக்குள் சேர்த்தால் 'ழு'வும் 'து'வும் ஒழுங்காக வளைந்து வரும். போனில் இருக்கும் எழுத்துருவை நம்பாதீர்கள், சேர்த்தே அனுப்புங்கள். யூனிட்டியில் பெரும்பாலோர் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலோ குறிகள் வந்த வரிசையிலேயே அடுக்கப்படும். கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'ழு' உடைந்து ழவும் தனி உகரக் குறியுமாகக் கிடக்கும். யூனிட்டி 6இன் புதிய யுஐ டூல்கிட்டில் கோக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனால் டெக்ஸ்ட்மெஷ் புரோவை வைத்துச் செய்த பாடங்களும் உதிரிகளும்தான் உங்களுக்கு அதிகம் கிடைக்கும்.

யூனிட்டியில்தான் செய்தாகவேண்டும் என்ற நிலை வந்தால், கைகொடுப்பது நம் அச்சகங்களில் இன்றும் ஓடும் பாமினி. பாமினியில் கொம்பு தனி எழுத்து, அரவு தனி எழுத்து. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறோம். ஆகவே யுனிகோட் வரியைப் பாமினிக்கு மாற்றி, அந்த எழுத்துருவில் போட்டால் டெக்ஸ்ட்மெஷ் புரோ சரியாகக் காட்டும். விலை உண்டு: பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் அதற்கு எழுத்துருவை மாற்றும் குறி போடவேண்டும். வெளியிடும் முன் அந்த எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள்.

கொடோவுக்கு வருவோம். இறக்கும் கோப்பு 100 எம்பி அளவுதான். அண்ட்ரொய்டுக்கு ஏற்றுமதி செய்யும் டெம்ப்ளேட் கோப்பு தனியாக ஒரு ஜிபி அளவு, அதற்கு மேல் அண்ட்ரொய்ட் எஸ்டிகேயும் ஜாவாவும். அதன் மூன்று ரெண்டரர்களில் ஃபோர்வர்ட் பிளஸ்ஸும் மொபைலும் வல்கன் போன்ற புது கிராபிக்ஸ் வழிகளில் போகின்றன. கம்பேட்டிபிலிட்டி பழைய ஓபன்ஜிஎல் வழி. மொபைல் என்று பெயரிருக்க ஏன் கம்பேட்டிபிலிட்டி என்று கேட்பீர்கள். மலிவு போன்களின் வல்கன் டிரைவர் எப்போது காலை வாரும் என்று சொல்லமுடியாது. உங்கள் லெப்டொப்பும் ஓபன்ஜிஎல்லில் இலேசாக இருக்கும். பிரவுசரில் ஓடும் பதிப்புக்கும் இந்த ரெண்டரர் ஒன்றுதான் வழி. பிரவுசர் பதிப்பு வேண்டுமென்றால் கொடோவின் சொந்த மொழியான ஜிடி ஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள். கொடோ 4இல் சி ஷார்ப் பிரவுசருக்குப் போகாது.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: ரெண்டரரை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் வெளிச்சமும் நிறமும் மாறும். மாதக்கணக்கில் சரிசெய்த மாலை வெயில் வேறு மாதிரியாகிவிடும்.

கம்பேட்டிபிலிட்டியில் இழப்பவை இவை. கனமான ஒளிக்கதிர் பனி இல்லை. ஒளி தெறிப்பதை உடனுக்குடன் கணக்கிடும் வசதி இல்லை. லைட்மேப்பாகச் சுட்டுத்தான் வைக்கவேண்டும், சுடுவதற்கு வல்கன் உள்ள கிராபிக்ஸ் தேவை, உங்கள் லெப்டொப்பில் அது இருக்கும். டெகல் (பரப்பின் மேல் பதிக்கும் ஒட்டுப்படம்) வேலை செய்யாது; பாதையில் சேற்றுத் தடம் வேண்டுமென்றால் மெல்லிய தகட்டைத் தரைக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே வையுங்கள். நிழல் விழுத்தும் ஒவ்வொரு விளக்குக்கும் அது படும் பொருட்கள் இன்னொரு தடவை வரையப்படும். லயத்து வரிசையில் 12 வாசல் பல்புக்கும் நிழல் போட்டால் போன் தவழும். சூரியனுக்கு மட்டும் நிழல், பல்புகளின் ஒளியை லைட்மேப்பில் சுட்டுவிடுங்கள்.

மலையின் உருவத்துக்குக் கொடோவில் உள்ளேயே கட்டிய நிலக்கருவி கிடையாது. யூனிட்டியும் அன்ரியலும் இதில் முன்னால் நிற்கின்றன. அவற்றில் உயரப் படத்தைக் கொடுத்தால் மலை எழும்பும். நீங்கள் பிளெண்டரில் எழுப்பித் துண்டு துண்டாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஏறக்குறைய 30 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் செய்மதி உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. எதிர்மலையின் முகடு உங்கள் ஊர் முகடு மாதிரியே வரும். அதை 8 பிட் படமாகச் சேமித்துவிடாதீர்கள். 8 பிட்டில் 256 படிதான். 1,200 மீற்றரிலிருந்து 1,800 வரை ஏறும் மலைக்கு ஒரு படி 2.3 மீற்றர், சரிவு முழுக்கப் படிக்கட்டாகும். 16 பிட்டில் அது ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும். பிளெண்டரில் அந்தப் படத்தின் நிறவெளியை 'நொன் கலர்' என்று மாற்றவும் வேண்டும். மறந்தால் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் தட்டையாகவும் முகடு ஒரு பக்கம் செங்குத்தாகவும் வரும்.

இனிச் செடி. உங்கள் கேம் வாழ்வதும் சாவதும் இங்கேதான். 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்ட ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 13,450 தேயிலைச் செடி நிற்கும். செடிக்கு 300 முக்கோணம் என்றால் 40 இலட்சம். மலிவு போனில் ஒரு ஃப்ரேமுக்கு ஒன்றரை, இரண்டு இலட்சத்துக்குள் முழுக் காட்சியையும் முடித்துக்கொள்ளப் பாருங்கள் என்பேன். அன்ரியல்காரர்கள் நேனைட்டால் தாண்டும் சுவரை நீங்கள் தேயிலையின் இயல்பாலேயே தாண்டலாம்: மட்டம் வெட்டிய தேயிலை தூரத்திலிருந்து தனித்தனிச் செடியாகத் தெரிவதில்லை, விரித்த கம்பளமாகத் தெரிகிறது. கம்பளத்தை வெட்டுவது நிரைகளும் கான்களும் (வடிகால்கள்) பாதைகளும்தான்.

ஆகவே மூன்று வளையமாகப் பிரியுங்கள். சிறுமியைச் சுற்றி 20 மீற்றருக்குள் மட்டும் தனிச்செடி. கமரா ஒரு நேரத்தில் கால் வட்டம் பார்க்கிறது என்று வைத்தால் சுமார் 420 செடி. செடிக்கு 180 முக்கோணம் போட்டால் 76,000. 20இலிருந்து 70 மீற்றர் வரை, பத்துச் செடியை ஒரே கட்டியாகச் செய்த நிரைத்துண்டு. அதற்கப்பால் மலை மெஷ்தான். நிரையும் கானும் டெக்ஸ்சரில் வரைந்திருக்கும்.

அந்த 180ஐ எப்படிச் செலவழிப்பது? 100ஐ உள்ளே ஒளி புகாத மேசை வடிவக் கட்டிக்கு, கரும்பச்சையில். மீதி 80ஐ மேற்பரப்பில் மட்டும் 40 சிறு இலைத் தகடாக, இளம்பச்சையில், கொழுந்துக்கு. முழுச் செடியையும் ஓட்டை விட்ட இலைத் தகடுகளால் செய்வதுதான் எல்லோரும் விடும் பிழை. போன் கிராபிக்ஸ் சிப், மறைந்திருக்கும் பிக்சலை வரையாமலே தள்ளிவிடும் கெட்டிக்காரத்தனம் உள்ளது. ஓட்டையுள்ள தகட்டில் எது மறைக்கும், எது மறைக்காது என்று முன்கூட்டித் தெரியாததால் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகாது. ஒரே பிக்சலைப் பத்துத் தடவை வரையும்.

செடிகளை மல்டிமெஷ் முனையில் (ஒரே மெஷ்ஷின் பல பிரதிகளைத் தாங்கும் முனை) வையுங்கள். அதிலுள்ள எல்லாச் செடியும் ஒரே வரைதல் கட்டளையில் போய்விடும். முழு மலைக்கும் ஒரே மல்டிமெஷ் போடக்கூடாது. ஒரு மல்டிமெஷ்ஷை எஞ்சின் ஒரே பொருளாகத்தான் பார்க்கும். அதன் ஓரத்தில் ஒரு செடி திரையில் தெரிந்தாலும் 13,450ஐயும் அனுப்பும். 10க்கு 10 மீற்றர் கட்டங்களாக வெட்டினால் கட்டத்துக்கு 135 செடி வரும். ஒவ்வொன்றுக்கும் 'விசிபிலிட்டி ரேஞ்ச்' முடிவை 20 மீற்றரிலும், விளிம்பு இடைவெளியை 2 மீற்றரிலும் வையுங்கள். அந்த 2 இல்லாவிட்டால், சிறுமி எல்லையில் நிற்கும்போது கட்டம் தோன்றுவதும் மறைவதுமாகக் கண்ணடிக்கும். மெல்ல மறையும் வசதி கம்பேட்டிபிலிட்டியில் இல்லை. தோன்றும் அந்தத் துள்ளலைப் பனிதான் மூடவேண்டும்.

அந்தப் பனியை எல்லோரும் முதலில் செய்வது வெள்ளைப் புகைப் படங்களைத் துகள்களாக மிதக்கவிட்டு. 720க்கு 1600 திரையில் 11.5 இலட்சம் பிக்சல். திரை முழுக்கப் பரவும் 30 புகைப்படலம் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் ஃப்ரேமுக்கு 3.5 கோடி பிக்சல், செக்கனுக்கு 30 ஃப்ரேமில் நூறு கோடிக்கு மேல். போன் பத்து நிமிடத்தில் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விரோன்மென்டில் இருக்கும் சாதாரண ஃபொக்கைப் போடுங்கள், ஏறக்குறைய இலவசம். அடர்த்தி 0.01 என்றால் 100 மீற்றரில் உள்ள பொருளில் 63 சதவீதம் பனி, 0.02 என்றால் 86. உயர அடர்த்தி என்று இன்னொரு எண் உண்டு. அதை நேர் எண்ணாக வைத்தால் பனி பள்ளத்தாக்கில் தேங்கும், காலை ஆறு மணி போல. எதிர் எண்ணாக வைத்தால் மேலே போகப் போகத் தடிக்கும். பின்னேரம் முகட்டிலிருந்து முகில் இறங்குவதை இந்த ஒரு எண்ணாலேயே காட்டலாம். புகைத்துகள் வேண்டுமென்றால் பாதையோரம் நாலைந்து, திரையில் கால்வாசிக்கு மேல் பிடிக்காத அளவில்.

உயரப் பனி அன்ரியலில் உள்ளேயே நன்றாக இருக்கிறது. யூனிட்டி யுஆர்பியில் தூரப் பனி மட்டும்தான். உயரத்துக்கு ஷேடர் நீங்களே எழுதவேண்டும். மூன்றிலுமே பனியின் மெல்லிய சாயல் மாற்றம் பட்டை பட்டையாகத் தெரிவது போனில் வழக்கம். யுஆர்பியில் கமராவில் 'டிதரிங்' பெட்டியைச் சரி போட்டால் குறையும். கம்பேட்டிபிலிட்டியில் வானத்து ஷேடரில் சிறு இரைச்சலைக் கலந்துவிடுங்கள்.

ரயிலை ஓட்டாதீர்கள், மலையை ஓட்டுங்கள். மூன்றாம் வகுப்பு ஜன்னலில் சிறுமி உட்கார்ந்திருக்கும் காட்சியில் பெட்டி மையத்திலேயே நிற்கட்டும், காட்சித் துண்டுகள் பின்னோக்கிப் போகட்டும். காரணம் எண்ணின் நுட்பம்: 32 பிட் தசம எண்ணில் மையத்திலிருந்து 10 கிலோமீற்றர் தள்ளினால் மிகச்சிறிய அசைவு ஒரு மில்லிமீற்றர், 100 கிலோமீற்றரில் 8 மில்லிமீற்றர். ஜன்னல் கம்பியும் கையும் நடுங்கும். அன்ரியல் 5 இதற்கு இரட்டை நுட்ப எண்களைத் தானே பாவிக்கிறது. கொடோவில் எஞ்சினையே மூலத்திலிருந்து தொகுக்கவேண்டும். யூனிட்டியில் மையத்தை அவ்வப்போது நகர்த்தவேண்டும். மலையை ஓட்டினால் எந்தத் தொல்லையும் இல்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கார்ட் பற்றி யோசிக்காமல் ரேமைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லொட்' 2இல் 1 பாவனையில் என்று காட்டினால், அதே வேக 8 ஜிபி துண்டு இன்னொன்றைப் போடுங்கள். உள்கிராபிக்ஸ் ரேமிலிருந்துதான் குடிக்கிறது. 2400 வேக டிடிஆர்4 ஒற்றைத் துண்டில் செக்கனுக்கு 19.2 ஜிபி கிடைக்கும், இரட்டையில் 38.4. எடிட்டரே வேறு கணினி போலாகும். சில லெப்டொப்பில் இரண்டாவது இடமே இருக்காது. வாங்கும் முன் பாருங்கள்.

மூன்று பேர் ஒரு புராஜெக்டைப் பென் டிரைவில் சுற்றவிடுவது ஆபத்து. கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பழகுங்கள். கொடோவின் காட்சிக் கோப்பு வெறும் எழுத்து. யார் எதை மாற்றினார் என்று வாசித்தே கண்டுபிடிக்கலாம். அன்ரியலில் அது இருமக் கோப்பு, இரண்டு பேர் தொட்டால் ஒருவருடையது போகும். '.கொடோ' கோப்புறையைச் சேர்க்கவேண்டாம், '.இம்போர்ட்' கோப்புகளைக் கட்டாயம் சேருங்கள். யூனிட்டியில் இதே இடத்தில் '.மெட்டா' கோப்புகளை விட்டுவிட்டு, மறுநாள் எல்லா மெட்டீரியலும் அறுந்து போனதென்று தலையில் கைவைப்பவர்கள் ஏராளம்.

கடைசியாக, என் சொல்லை நம்பாமல் சோதித்துப் பார்க்கும் வழி. இந்தக் கிழமையே ஒரு மலைத் துண்டு, 10 மீற்றர் கட்டம் நாலு, ஒரு சூரியன், ஃபொக், 'கொழுந்து மடுவம்' என்ற பலகை, மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை காட்டும் ஒரு லேபல் இவற்றை மட்டும் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதிக்கு முன் புராஜெக்ட் செட்டிங்கில் ஈடிசி2 டெக்ஸ்சர் இறக்குமதியைச் சரி போடவேண்டும். போடாவிட்டால் அண்ட்ரொய்ட் ஏற்றுமதியே நடக்காது. உங்களிடம் இருப்பதில் ஆகப் பழைய போனில், சார்ஜரைக் கழற்றிவிட்டு, 15 நிமிடம் ஓடவிடுங்கள். முதல் நிமிடத்து எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். 15ஆவது நிமிடத்து எண்தான் கணக்கு. 30க்குக் கீழே விழுந்தால் முதலில் சூரியனின் நிழலை நிறுத்திப் பாருங்கள், பிறகு இலைத் தகடுகளை மறைத்துப் பாருங்கள். எதை எடுத்தபோது எண் எழும்பியதோ அங்கே வெட்டுங்கள். போன் சூடேறிய பிறகும் 30இல் நின்றால் பாலத்தைக் கட்டத் தொடங்கலாம்.